பசுமை வீடு என்றால் பச்சைப் பெயின்ட் அடித்த வீடா?

கொஞ்சக் காலமாகப் பத்திரிகையிலும் டீவியிலும் ‘பசுமைக் கட்டடம்’ என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. அந்தத் தொழிற்சாலைக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைத்தது, இந்த ஹோட்டலுக்குப் பிளாட்டினம் தரம் கிடைத்தது என்று படத்தோடு போடுகிறார்கள். வீடமைப்புச் சங்கக் கூட்டமொன்றில் ஓர் அம்மா எம்மிடம் கேட்டார்: “பச்சைக் கட்டடம்னா பச்சைப் பெயின்ட் அடிச்ச கட்டடமாங்க?” எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அங்கே இருந்தவர்களில் எத்தனை பேருக்குச் சரியான பதில் தெரிந்திருக்கும்? அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைநாட்டில் மண் சரிந்து எத்தனையோ பேர் போனார்கள், எத்தனையோ லயங்கள் போயின. இனி வீடு கட்டும் வேலை நடக்கும்போது உங்கள் முன்னால் ஒரு பிளான் வரும். கையெழுத்து வைக்கச் சொல்லுவாங்க. அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது. எமக்கு வேலை தோட்டத்தில் என்றாலும் சொந்த ஊர் கல்முனைக் கரை. அந்தக் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு ஆயிரக்கணக்கான வீடுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவை கட்டி இப்போது ஏறக்குறைய 20 வருசமாகிறது. எந்த வீடு நன்றாக இருக்கிறது, எந்த வீட்டில் மனுசன் படுக்க முடியவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்வது பிரயோசனமாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

முதலில் பெயரை விளங்கிக் கொள்வோம். ஒரு கட்டடத்தைக் கட்டும்போதும் பிறகு அதில் வாழும்போதும் கரண்டும் தண்ணீரும் குறைவாகச் செலவாக வேண்டும். மண், மரம், சீமெந்து வீணாகக் கூடாது. உள்ளே இருப்பவருக்கு நல்ல காற்றும் வெளிச்சமும் கிடைக்க வேண்டும். கழிவு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகக் கூடாது. கட்டுகிற இடமும் ஆபத்தில்லாத இடமாக இருக்க வேண்டும். இப்படிக் கட்டினால் அதுதான் பசுமைக் கட்டடம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, கூட்டிப் பார்த்து, சாதாரண தரம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரிப்பார்கள். பரீட்சைப் பெறுபேறு மாதிரித்தான்.

இந்தப் புள்ளி முறையை முதலில் 1990இல் இங்கிலாந்தில் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்காவில் ‘லீட்’ என்ற முறை வந்து உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் 2001இல் இதற்கென ஒரு மன்றம் அமைத்தார்கள். ஐதராபாத்தில் கட்டிய ஒரு பசுமை நிலையத்துக்குப் பிளாட்டினம் கிடைத்து, 2004இல் அப்துல் கலாம் அவர்கள் ஜனாதிபதியாக இருந்தபோது அதைத் திறந்து வைத்தார். நமது நாடும் இதில் பின்தங்கியதல்ல. ஜெப்ரி பாவா என்ற பெரிய கட்டடக் கலைஞர் தம்புள்ளைக்குக் கிட்ட வரைந்த கண்டலம ஹோட்டல் லீட் சான்றிதழை ஆரம்ப காலத்திலேயே பெற்றது. 2008இல் துல்ஹிரியவில் ‘துருலி’ என்ற ஆடைத் தொழிற்சாலை பிளாட்டினம் தரத்தோடு திறக்கப்பட்டது. சுவரில் சூளையில் சுடாத கல், அதாவது மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து மெசினில் அழுத்திய கல், வைத்தார்கள். ஏ.சி. போடாமல், தண்ணீர் ஆவியாகும்போது வரும் குளிர்ச்சியால் உள்ளே வேலை செய்பவர்களுக்குக் குளிரூட்டினார்கள். அதன் பிறகு இலங்கைப் பசுமைக் கட்டட மன்றம் அமைந்து, நம் நாட்டுக்கென்று ஒரு புள்ளி முறையும் வந்தது.

இப்போது ஒரு விசயத்தைக் கவனியுங்கள். நாம் இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் ஹோட்டல், தொழிற்சாலை, பெரிய அலுவலகம். தொழிலாளி படுத்து எழும்புகிற வீடு இதில் ஒன்றுகூட இல்லை. இந்த நாட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம், வளர்ந்து வரும் நாடுகள் பலவற்றிலும் இதே கதைதான். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், கணக்குப் பார்க்கிற நிபுணருக்குக் கொடுக்கவும் பணம் வேண்டும். வெளிநாட்டுக்காரன் சாமான் வாங்கும்போது “உன் தொழிற்சாலை பசுமையா?” என்று கேட்கிறான், அதனால் முதலாளி செலவழிக்கிறார். நம் வீட்டைப் பார்த்து அப்படிக் கேட்க யாரும் வருவதில்லை.

அத்தோடு வெளிநாட்டில் எழுதிய புள்ளிக் கணக்கு நம் ஊருக்குச் சரியாகப் பொருந்துவதுமில்லை. சைக்கிள் நிறுத்த இடம் வைத்தால் அமெரிக்க முறையில் ஒரு புள்ளி கொடுத்தார்கள். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் சைக்கிள் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? அந்தக் கணக்கில் எங்கள் ஊர் முழுவதும் அப்போதே பாஸ்!

இந்தக் குறையை யாரும் உணரவில்லை என்று சொல்ல மாட்டோம். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமொன்று வளர்ந்து வரும் நாடுகளுக்கென ‘எட்ஜ்’ என்ற லேசான முறையைக் கொண்டு வந்தது. கரண்ட், தண்ணீர், கட்டடப் பொருளைச் செய்யச் செலவாகும் சக்தி ஆகிய மூன்றிலும் நூற்றுக்கு 20 வீதம் மிச்சம் காட்டினால் போதும் என்று தொடக்கத்தில் வைத்தார்கள். இந்தியாவில் 2018இல் குடியிருப்புகளுக்கென்றே ஒரு சக்திக் கட்டுப்பாட்டுக் கோவை வெளியானது. தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர் கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சைக் கூரையில் அடிப்பதுதான் அதன் சாரம். எமது எண்ணத்தில், சுவரில் மாட்டுகிற சான்றிதழைவிட இப்படிச் சட்டமாகவும் கொள்கையாகவும் வருவதுதான் ஏழை வீட்டுக்கு எட்டும்.

இனிக் கரைப் பக்கம் வருவோம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தபோது இலங்கையில் ஆகக்கூடிய உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் அவை. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய துண்டு நிலம். வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசாங்கம் முதலில் சொன்னது, பிறகு தளர்த்தியது. அதற்கிடையில் காணி தேட வேண்டி வந்தது. காணி எங்கே? கரைவாகுப் பக்கம் வயலை மண்போட்டு நிரப்பி வீடு கட்டினார்கள். வயல் என்பது மழைத் தண்ணீர் தங்கி வடிகிற இடம். அதை மூடினால் மாரியில் அந்தத் தண்ணீர் வேறு யாருடைய வாசலுக்காவது போகும்.

உதவி செய்ய வந்தவர்களைக் குறை சொல்வது எமது நோக்கமில்லை. கூடாரத்தில் கிடந்த சனத்துக்குச் சீக்கிரம் கூரை வேண்டும், அதை அவர்கள் செய்தார்கள். ஆனால் வீட்டுக்கென்று அப்போது எல்லோரும் சொன்ன அளவு ஒன்றுதான்: ஆகக் குறைந்தது 500 சதுர அடி. நாடாவைப் பிடித்து அளந்தால் 500 வரும், வேலை முடிந்தது. நாடா அளக்காத சங்கதிகள்தான் பிறகு வீட்டுக்காரரின் தலையில் விழுந்தன.

முதலாவது காற்று. எங்கள் கரை கிழக்கே கடலைப் பார்த்தது. பகல் ஏறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வரும். அது நெருப்புக் காற்று, நெல்லையே வறுக்கும் போலிருக்கும். பழைய வீடுகளில் கடற்காற்று நுழையக் கிழக்கே வாசலும் விறாந்தையும் இருந்தன. கச்சானைத் தடுக்க மேற்கே மாமரமோ வேம்போ நின்றது. ஓட்டுக் கூரை, ஓட்டு இடுக்கால் சூடு வெளியே போகும். புதிய திட்டங்களில் பிளான் ஒன்றுதான், வீதி எந்தப் பக்கமோ வீட்டு முகமும் அந்தப் பக்கம். சில வரிசைகளில் யன்னல் எல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. முஸ்லிம் பெண்கள் அந்த யன்னலைத் திறந்து வைத்து உள்ளே நடமாடுவார்களா? திரை போட்டு, பிறகு பலகை அடித்து மூடி விட்டார்கள். யன்னல் இருந்தும் காற்று இல்லை. “பகல்ல ஊட்டுக்குள்ள இரிக்கேலா, போறணை மாதிரி” என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் வழமையாகச் சொல்லும் பேச்சு. போறணை என்றால் பாண் சுடுகிற அடுப்பு. பிறகு பேன் வாங்குகிறார்கள், வசதி உள்ளவர் ஏ.சி. பூட்டுகிறார். மாதாமாதம் வரும் கரண்ட் பில்லில் அந்தப் பிளானின் பிழைக்கும் ஒரு பங்கு சேர்ந்து வருகிறது.

இரண்டாவது தொழில். மருதமுனை கைத்தறிக்குப் பெயர் போன ஊர். சாரமும் சேலையும் நெய்கிற தறி வீட்டோடு இருக்கும். தறிக்கு நீள இடமும், நூலைப் பார்க்க நல்ல பகல் வெளிச்சமும் வேண்டும். 500 சதுர அடிப் பிளானில் தறி எங்கே? மீன்பிடிகாரனின் வலைக்கு இடம் எங்கே? தறியைக் கொண்டுபோய்ப் பின்னால் தகரக் கொட்டிலில் வைத்தால், பகலிலும் பல்பு எரிய வேண்டியிருக்கும்.

மூன்றாவது தண்ணீர். இதுதான் ஆகப் பெரியது என்று நினைக்கிறோம். கரை மண் மணல் மண். கிணறு ஆழமில்லை, கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். அதே மணலில்தான் மலசலகூடக் குழியும். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, குழியில் விழுவது சீக்கிரம் கிணற்றுப் பக்கம் நகரும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 15 மீற்றராவது, அதாவது 50 அடியாவது இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பகுதியினர் சொல்வார்கள். சின்னக் காணியில் நம் கிணற்றிலிருந்து நம் குழி 50 அடி தள்ளி இருக்கும், ஆனால் அடுத்த வீட்டுக் குழி 20 அடியில் நிற்கும்.

இதில் ஒரு ஊர் வழமையும் சேர்கிறது. கரையோர முஸ்லிம் ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே வாப்பாவுக்குக் கிடைத்த காணியில் மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு மேல்மாடி என்று சில வருசத்தில் காணி நிறைந்து போகும். இதை ஊரில் உள்ள சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பிளான் வரைந்தவர் கேட்டிருந்தால் குழியை எங்கே வைப்பது, மேல்மாடி தாங்க அத்திவாரம் எப்படிப் போடுவது என்று முதலிலேயே யோசித்திருக்கலாம்.

கட்டடப் பொருளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்து செய்வதால் மட்டும் வருகிறது. மணலை ஆற்றிலிருந்து அள்ளினால் ஆற்றங்கரை இடிகிறது. ஆகவே சீமெந்தும் கல்லும் குறைவாகச் செலவாகும் கட்டு முறைகளைப் பலர் தேடினார்கள். கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற முறையைப் பரப்பினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் வெறும் இடம் விட்டுக் கட்டுவது. நூற்றுக்கு 25 அளவில் கல் மிச்சம், நடுவில் உள்ள காற்று வெயிலையும் தடுக்கும். இது நம் மேசன்மாருக்கும் முடியாத வேலையல்ல. ஒரு சுவர் கட்டிக் காட்டினால் பிடித்துக் கொள்வார்கள்.

அஸ்பெஸ்டஸ் தகட்டை மட்டும் கவனமாகப் பாருங்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூரையில் முழுசாக இருக்கும்போது ஆபத்து குறைவு. வாளால் அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது பறக்கும் தூசிதான் ஆள் கொல்லி. சுனாமிக்குப் பிறகு கரையில் குவிந்த உடைந்த தகடுகளைச் சனம் வெறுங்கையால் அள்ளினார்கள், அப்போது சொல்ல ஆளில்லை. மலையிலும் புயலில் உடைந்த கூரைகளை இப்படித் தூக்குகிறீர்கள். தண்ணீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடி, உடைக்காமல் எடுங்கள். சாதாரணத் துணி இந்தத் தூசியை முழுக்கத் தடுக்காது, அதற்கான முகமூடியைத் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம். புது வீட்டுக் கூரைக்கு அஸ்பெஸ்டஸ் இல்லாத தகடோ ஓடோ கேளுங்கள்.

அக்கரைப்பற்றில் நுரைச்சோலை என்று ஒரு இடம். சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கென 500 வீடுகள் அங்கே கட்டப்பட்டன. யாருக்கு எத்தனை வீடு என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போய், குடியேற ஆளில்லாமல் பல வருசம் பூட்டிக் கிடந்தன. சுவரில் கொடி ஏறி, முற்றத்தில் பற்றை வளர்ந்து, உண்மையாகவே பச்சை வீடாகிப் போச்சு! சீமெந்து, கம்பி, மரம், மணல் அத்தனையும் போட்டுக் கட்டிய வீட்டில் ஆள் இல்லையென்றால், அதைவிடப் பெரிய வீண் செலவு எந்தப் புள்ளிக் கணக்கிலும் கிடையாது. பட்டியலை முதலில் தீர்த்துவிட்டுப் பிறகு அத்திவாரம் வெட்டியிருக்க வேண்டும். தோட்டத்திலும் இதே வழக்கு வருகிறது, “வீடு யார் பெயரில், யாருக்கு முதலில்” என்று. சங்கக் கூட்டத்தில் இதைக் கல் இறக்க முந்திப் பேசி முடியுங்கள்.

நல்லது ஒன்றும் சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் சேமிப்பில் நம் நாடு முன்னால் போனது. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் திருத்தப்பட்டு, நகரப் பகுதியில் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேமிப்பைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். கணக்கு லேசு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 500 சதுர அடிக் கூரை என்பது சுமார் 46 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கு 460 லீற்றர் விழும், சிந்தியது போக 350 லீற்றராவது தாங்கிக்குள் வரும். கிணறு உவர்த்துப் போன கரை வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும், தாங்கிக்கு நுளம்பு போகாத மூடி வேண்டும். பீலித் தண்ணீர் கோடையில் வற்றுகிற டிவிசன்களிலும் இதைச் செய்யலாம்.

கரையில் பழகியதை அப்படியே மலைக்குத் தூக்கி வரச் சொல்லவில்லை. அங்கே சூடு எதிரி, இங்கே குளிரும் ஈரமும் எதிரி. கரை வீடு வெயிலை மறைக்க வேண்டும், மலை வீடு காலை வெயிலை உள்ளே விட வேண்டும். லயக் காம்பிராவில் பெரிய கேடு புகை. யன்னல் இல்லாத காம்பிராவுக்குள் விறகு அடுப்பு எரித்து, அம்மாவும் கைக்குழந்தையும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். ஹட்டன் பக்கம் காற்றும் மழையும் தென்மேற்கிலிருந்து வரும், பதுளைப் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில். இரண்டுக்கும் ஒரே பிளானைக் கொடுத்தால் ஒரு பக்கத்தில் வாசலுக்குள் சாரல் அடிக்கும்.

இந்திய உதவியில் தோட்டங்களில் கட்டும் வீடு 550 சதுர அடி. லயத்தில் பிறந்தவருக்கு அது பெரிய மாற்றம், நாம் மறுக்கவில்லை. அந்த 550க்குள் குசினிக்குப் புகைபோக்கி இருக்கிறதா, மேலே ஏறி அடைப்பு எடுக்க முடியுமா என்று பாருங்கள். இஸ்தோப்பு மழைக் காற்றுக்கு முதுகு காட்டுகிறதா, படுக்கிற காம்பிராவுக்குக் காலை வெயில் வருமா, கூரைத் தண்ணீர் விழும் கான் எங்கே போய்ச் சேர்கிறது, மலசலகூடக் குழி கீழ் வீட்டுக்காரரின் பீலிக்கு மேலே வருகிறதா என்றும் கேளுங்கள். கடதாசியில் ஒரு யன்னலை இடம் மாற்ற ஒரு அழிறப்பர் போதும். சுவர் எழும்பிய பிறகு மேசனும் காசும் வேண்டும். விறகு மிச்சம் பிடிக்கும் அனகி அடுப்பையும் குசினி கட்டும்போதே வைத்துப் பூசி விடலாம், அது களிமண் அடுப்புத்தான்.

எல்லாவற்றுக்கும் முதல் காணி. மண்சரிவு ஆபத்துள்ள மாவட்டங்களில் வீடு கட்ட முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. சொன்ன கடதாசி எங்கேயோ கோப்பில் கிடந்தது, மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். ஆகவே பிளானைக் காட்டுகிறவரிடம் அந்தச் சிபாரிசின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் காணி இலக்கம் அதில் இருக்க வேண்டும், திகதி இருக்க வேண்டும். தமிழில் இல்லையென்றால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், அதற்குத்தான் எம்மைப் போன்ற நலன்புரி உத்தியோகத்தர்கள் இருக்கிறோம். வீடமைப்புச் சங்கச் செயலாளரும் ஒரு பிரதியைச் சங்கக் கோப்பில் வைத்துக் கொள்ளட்டும்.